ஸஹாப்தீன் சொன்ன ஜூன் மாதம்

கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதும், ஜெட்டியில் இறங்கும் பயணிகளின் காலில் விழாத குறையாக ஓடிவரும் கைட்மாரில் ஸஹாப்தீனும் ஒருவர். வெள்ளைக் கோட்டு, சிவப்புத் துருக்கித் தொப்பி, நெஞ்சில் பித்தளை வில்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்த வில்லையைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்ப்பார். ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்தினாலும் பிந்துவாரே தவிர, வில்லையை மங்க விடமாட்டார்.

பிறந்தது, வளர்ந்தது, பைறோஸாவைக் கலியாணம் முடித்தது எல்லாம் கொட்டாஞ்சேனையில்தான். பள்ளத்தில் கிடந்த ஓர் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. இலங்கையைச் சுற்றிக் காட்டுவதே தொழில் என்றாலும், அவர் கண்டிக்கு அப்பால் போனதில்லை. திருகோணமலைக் கடலின் அழகைப் பற்றிக் கண் கலங்கப் பேசுவார். கேட்கிற துரைசானிமாரும் கண் கலங்குவார்கள். யாரும் யாரிடமும் நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டுக்கொள்வதில்லை.

கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். நாங்கள் நல்ல காலத்தில்தான் வந்திருக்கிறோமா? கிழமைக்கணக்கில் கடலில் கிடந்து, தின்றதையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டு, நிலம் ஆடுகிறதா தான் ஆடுகிறோமா என்று தெரியாமல் நிற்கிற மனுஷன், இல்லை ஐயா, பிழையான மாதத்தில் வந்துவிட்டீர்கள் என்ற பதிலைக் கேட்கவா வந்திருக்கிறான்? ஸஹாப்தீனுக்கு இது தொழிலுக்கு வந்த முதல் கிழமையிலேயே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்தத் தீவில் கெட்ட மாதம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

ஜனவரியில் வருகிறவனுக்கு, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது பாருங்கள் என்பார். அது உண்மை. ஏப்ரலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும்போது, இந்த வெயிலுக்காகவே லண்டன் டாக்டர்மார் நோயாளிகளை இங்கே அனுப்புகிறார்கள் என்பார். எந்த டாக்டரும் அப்படி யாரையும் அனுப்பியதில்லை. ஜூனில் மழை சாய்த்து அடிக்கும்போது, தூசி இல்லாத மாதம் இது ஒன்றுதான், பூவெல்லாம் இப்போதுதான் பூக்கும் என்று குடையை விரிப்பார். ஒக்டோபரில் பின்னேரமானால் இடி இடித்து ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்போது ஒரு பேராசிரியரிடம், இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் கப்பலேறி வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் நன்றி சொல்லிவிட்டு, ஹோட்டல் அறையில் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாராம்.

"உங்களிட்ட மவுத்தாகுற நாளக் கேட்டாலும், அதுவும் நல்ல சீசன் எண்டுதான் சொல்லுவீங்க" என்பாள் பைறோஸா.

"இல்லாம? அழுதுகொண்டு போறதா?" என்பார் இவர்.

யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று அவர் நினைத்திருந்தார். வெள்ளைக்காரன் நனைந்தாலும் அவனுக்குக் கப்பல் இருக்கிறது, அந்தக் கப்பலில் உலர்ந்த துணி இருக்கிறது. இப்படியே நரைத்து, பல் விழுந்து, பேரன் பேத்தி கண்டு போய்ச் சேர்ந்திருக்கலாம். கெடுத்தது மகளின் கலியாணம்.

ஸமீமா ஒரே மகள். அவள் வாயைப் பற்றி அந்த ஒழுங்கையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மீன்காரன் அவர்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் கூவாமல் போவான். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு புடவைக்கடை. அங்கே போன வருஷம் வாங்கிய சீத்தைத் துணி முதல் தோய்ச்சலிலேயே சாயம் விட்டுவிட, நனைந்த துணியை அப்படியே கொண்டுபோய் மேசையில் போட்டு, நின்ற விற்பனையாளனை அவள் கேட்ட கேள்வியில் பம்பலப்பிட்டி வரைக்கும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்று பைறோஸா இன்றைக்கும் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த விற்பனையாளன் மட்டக்களப்புப் பக்கம் காத்தான்குடிப் பெடியன் பாயிஸ். துணியை மாற்றிக் கொடுத்தான். அடுத்த மாதமே ஊருக்குப் போய், முடித்தால் அந்தப் புள்ளையைத்தான் முடிப்பேன் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டான். சில ஆண்கள் அப்படித்தான், என்ன செய்வது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு, பெப்ரவரி மாதம், பாயிஸின் வாப்பா இஸ்ஸதீன் பெண் பார்க்கக் கொழும்புக்கு வந்தார். மட்டக்களப்பு ரயிலில் வந்து, கையில் பையோடு நேரே வீட்டு வாசலில் நின்றார். ஒடிசலான மனுஷன். நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். வயலும் கடையுமாக ஊரில் மதிப்பான குடும்பம். கிழக்கில் மூத்தவரைக் காக்கா என்பார்கள், கொழும்பில் நானா என்பார்கள். இவர் அவரை நானா என்றார், அவர் இவரைக் காக்கா என்றார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

பெண்ணைப் பிடித்துவிட்டது. அன்றைக்கென்று ஸமீமா வாயைத் திறக்கவில்லை. தேத்தண்ணி வந்தது, பேச்சு மாதத்துக்கு வந்தது.

"முஹர்ரமும் ஸபரும் வருது காக்கா, அதுக்குள்ள கலியாணம் வைக்க ஏலா" என்றார் இஸ்ஸதீன். "அதுக்குப் பொறகு எங்களுக்குத் தோது ஜூன் மாசம். அத விட்டா வயல் வெட்டு வரும், நோன்பு வரும், நோன்பு முடியக்குள்ள எங்க பக்கம் வாடை மழை தொடங்கிரும். ஆத்துல தண்ணி வந்தா ரயிலும் இல்ல, ரோட்டும் இல்ல. ஆனா ஒண்டு. எனக்கு இழுப்பு. ஈரம் பட்டா நெஞ்சு அடைச்சிரும். போன தடவ அடைச்சதுல, டாக்டர் கையப் பிசைஞ்சிக்கிட்டு நிண்டாரு. ஜூன்ல கொழும்பு எப்பிடி?"

கையில் பை, முகத்தில் பயணக் களைப்பு, வாயில் அதே கேள்வி. ஸஹாப்தீனின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"ஜூனா? ஜூன்தான் நானா இங்க அருமையான சீசன். கடல் காத்து சிலுசிலு எண்டு வரும். ஒரு துளி விழாது."

அத்தோடு நின்றாரா? வாய் சூடேறிவிட்டது. ஜெட்டியில் கறுவாத்தோட்டத்தையும் களனிக் கோயிலையும் விபரிக்கிற அதே மூச்சில், மகள் குரல் உயர்த்திப் பேசியதை இந்த வீட்டுச் சுவர் கேட்டதில்லை என்றார். அவள் கையால் சோறும் ஆணமும் சாப்பிட்டவர் வேறு வீட்டில் கை நனைக்கமாட்டார் என்றார். உள்ளே பைறோஸாவின் கையிலிருந்த தட்டம் கதவில் இடித்தது.

இஸ்ஸதீன் அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது.

அவர் தெருமுனை தாண்டினாரோ இல்லையோ, பைறோஸா பிடித்துக்கொண்டாள். "ஜூன்ல நம்மட வாசல்ல வள்ளம் விடலாம். அந்த மனுஷன் இழுப்புக்காரன். பந்தலுக்குள்ளேயே மவுத்தாப் போனா யாரு பதில் சொல்ற?"

ஸஹாப்தீனுக்கும் அது உறைத்தது. தேதியை மாற்றச் சொல்லலாம் என்றால், மாற்றினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் பாயிஸின் மாமி சும்மா இருக்கமாட்டாள். அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள். அவர்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை குடிவரப் பெண் வீட்டார் வீடு கட்ட வேண்டும், அந்த வீட்டில் கூரை போடுவது ஒன்றுதான் பாக்கி. ஒரு வருஷம் தள்ளிப் போனால் கூரையும் போட்டு, மாப்பிள்ளையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள் என்று தரகர் பலீல் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஸமீமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாள். கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. "வாப்பா, அவர் அந்தச் சீத்தைய மாத்தித் தரக்குள்ள என்ட முகத்தப் பாத்துச் சிரிக்கல்ல, முறைக்கவும் இல்ல. பிழை எங்கடதான் தங்கச்சி எண்டார். அப்பிடிச் சொல்ற ஆம்புள இந்த ஊர்ல இல்ல" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஸஹாப்தீனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆகவே ஸபர் மாதம் கழிந்ததும், தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்டிப் பக்கத்தைத் தாண்டி, ஸஹாப்தீன் மட்டக்களப்பு ரயிலில் ஏறினார். உண்மையைச் சொல்லிவிடுவது, வெட்டுக் காலமானாலும் ஓகஸ்டுக்கோ செப்டம்பருக்கோ நயந்து கேட்டுப் பார்ப்பது என்பது திட்டம். மட்டக்களப்பிலிருந்து பஸ் பிடித்துக் காத்தான்குடியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று அடித்தது, ஆனால் அது அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வந்தது. தென்னோலையெல்லாம் சலசலவென்று காய்ந்து கிடந்தது. இஸ்ஸதீன் அந்தக் காற்றில் சட்டையில்லாமல் சாய்கதிரையில் கிடந்தார். மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

"நானா, நான் சொன்னது பிழை. ஜூன்ல கொழும்புல மழை கொட்டும்" என்றார் ஸஹாப்தீன்.

இஸ்ஸதீன் வானத்தைப் பார்த்தார். காற்று வரும் மேற்குத் திசையைப் பார்த்தார். சிரித்தார். "இது என்ன காத்து தெரியுமா காக்கா? கச்சான். இது தொடங்கினா ஆவணி வரைக்கும் இப்பிடித்தான். கிணறே வத்திப் போகும். இந்தக் காத்துல மழையா?"

"இதே காத்துத்தான் நானா. அங்க கடல்லயிருந்து வரக்குள்ள தண்ணியோட வருது. எங்கட தலையில பாதி, மலையில மீதி எல்லாத்தையும் கொட்டிட்டுத்தான் இங்க காய்ஞ்சு வருது."

சொன்னது அத்தனையும் சத்தியம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சத்தியம். ஆனால் சின்ன வயதிலிருந்தே கச்சான் காற்றில் நெல்லுக் காயப்போட்ட ஒருவருக்கு, அதே காற்று மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம் கொண்டுவருகிறது என்றால் யாரோ மந்திரவாதி கதை சொல்வதுபோல்தான் இருக்கும். அதுவும் யார் சொல்வது? ஒரு துளி விழாது என்று தன் வீட்டில் வைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன மனுஷன்.

இஸ்ஸதீனின் சிரிப்பு நின்றது. "கப்பல்ல வார வெள்ளைக்காரனெல்லாம் உங்களிட்டத்தான் சீசன் கேக்கான் எண்டு பாயிஸ் பெருமையாச் சொன்னான். அப்பிடிப்பட்ட ஆளுக்கு ரெண்டு மாசத்துல வானம் மாறிப் போச்சா? நேராச் சொல்லுங்க காக்கா. வேற மாப்பிள்ள பாத்திட்டீங்களா?"

உள்ளேயிருந்து ஒரு பொம்பிளை தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. கூரை போடக் காத்திருந்த மாமியாக இருக்க வேண்டும். இதற்கு மேல் உண்மையைச் சொன்னால் கலியாணம் இல்லை. சொல்லாமல் விட்டால் இந்த மனுஷனின் மூச்சுக்கு ஆபத்து. ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மகளின் மாமனார். இப்படி ஓர் இடத்தில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திய வாயை ஸஹாப்தீன் அந்த நேரம் மனதார வெறுத்தார்.

"இல்ல நானா, இல்ல" என்றார். "ஜூனே வைப்பம்."

வைத்தார்கள்.

ஜூன் பிறந்ததும் கொழும்பில் வானம் இடிந்து இறங்கியது. களனி ஆறு கரையைத் தாண்டி ஒருகொடவத்தைப் பக்கம் ஏறிவிட்டது என்றார்கள். ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். மீன்காரன் வரவில்லை, மீன் தானாக வந்தது. கலியாண நாள் காலையில் பந்தல் சீலை தண்ணீர் கோத்துத் தொந்தி வைத்துக்கொண்டு தொங்கியது. ஸஹாப்தீன் ஒரு கம்பால் குத்திக் குத்தி அதை வடித்துக்கொண்டிருந்தார். விருந்துக்கு அவித்த வட்டிலப்பச் சட்டிகளை ஏணி வைத்துப் பரணில் ஏற்றினார்கள்.

மருதானை ஸ்டேஷனில் இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து ஒழுங்கை வாய்க்கு வந்தார்கள். அதற்கு மேல் பஸ் மாட்டேன் என்றது. ஊர்வலம் என்று பேருக்கு ஒன்று நடந்தது. றபான் மேளம் அடிக்க வந்த பக்கீர்மாரின் மேளத் தோலெல்லாம் ஊறி, தட்டினால் தலையணையைத் தட்டுவது போலக் கேட்டது. பாயிஸ் புதுச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டை இடுப்புக்கு மேலே தூக்கியபடி, தண்ணீரில் நடந்து வந்தான். இஸ்ஸதீனை நடக்கவிட முடியாது. புறக்கோட்டையில் கைவண்டி இழுக்கும் பழனிமுத்து பக்கத்து வீடுதான். அவன் தன் வண்டியைக் கொண்டுபோய், சாக்கு விரித்து அவரை ஏற்றி, வெங்காய மூட்டையைக் கொண்டுவரும் கவனத்தோடு தள்ளிக்கொண்டு வந்தான். பந்தலுக்குள் வண்டி நுழைந்த நேரம் பார்த்துச் சீலை கிழிந்தது. அவ்வளவு தண்ணீரும் சம்பந்தியின் தலையில்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. ஆட்கள் தூக்கி வீட்டு மண்டபத்துக் கதிரையில் இருத்தினார்கள். பைறோஸா கம்பளியைக் கொடுத்தனுப்பினாள், யாரோ நெஞ்சில் தைலம் தேய்த்தார்கள். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. மூச்சுக்கு மூச்சு அது கேட்டது. ஸஹாப்தீன் அவர் காலடியில் குந்தி, கால்களைத் துடைத்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டார். தன்னுடைய பொய்தான் அங்கே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு கீச்சிடுகிறது என்று தோன்றியது. அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

விசில் கொஞ்சம் அடங்கியது. கலியாணப் பதிவான காவினை எழுத வந்த லெப்பை தொண்டையைச் சரிசெய்தார். இஸ்ஸதீன் கையை உயர்த்தினார்.

"லெப்பை பொறுங்க." மூச்சை இழுத்துக்கொண்டார். "சம்மந்தி. ஒரு துளி விழாது எண்டு சொன்னது நீங்கதானே?"

"ஓம் நானா. பொறகு உங்கட ஊருக்கு வந்து விழும் எண்டும் சொன்னன்."

"அத நான் நம்பல்ல. அது என்ட பிழை. முதல் சொன்னது உங்கட பொய்." இன்னொரு மூச்சு. "அதே வாயால மகளப் பத்தியும் சொன்னீங்க. அதுல எது மெய்?"

திரைக்கு அந்தப் பக்கம், கூறையுடுத்து உட்கார்ந்திருக்கும் ஸமீமாவுக்கும் இது கேட்கும் என்பது ஸஹாப்தீனுக்குத் தெரியும். சமாளிக்க ஆயிரம் சொல் அவரிடம் இருந்தது, வாயும் தயாராகத்தான் இருந்தது. அவர் அதைக் கெட்டியாக மூடி, பிறகு மெதுவாகத் திறந்தார்.

"அவ சத்தமாத்தான் பேசுவா நானா. கோவம் வந்தா ஒழுங்கைக்கே கேக்கும். ஆணம் ஆக்கினா உப்புக் கூடும், இல்லாட்டி உப்பே ஈக்காது. பிழையக் கண்டா விடமாட்டா. யாருட பிழையெண்டாலும்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அது கோபமா அழுகையா என்று விளங்கவில்லை.

"வாப்பா" என்றான் பாயிஸ், ஈரச் சப்பாத்தை இன்னும் கையில் வைத்துக்கொண்டு. "சத்தம் எனக்குத் தெரியும். கடையில நான்தானே வாங்கிக் கட்டினன்."

"நீ சும்மா இரி." இஸ்ஸதீன் அவனைப் பார்க்கவில்லை. ஸஹாப்தீனையே பார்த்தார். "கடைசியா ஒண்டு கேக்கன். இவன் என்ட மூத்த மகன். எங்கட வளவ விட்டுட்டு உங்கட வீட்டுக்கு வாறான். இவங்க ரெண்டு பேரும் சந்தோசமா இரிப்பாங்களா?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டில் அதற்கு ஒரே பதில்தான். அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் தப்பிக்கவும் வழி இருந்தது. லெப்பை அதைச் சொல்லச்சொல்லிக் கண்ணால் ஜாடைகூடக் காட்டினார். ஸஹாப்தீன் திரையைப் பார்த்தார். அவர் இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்தக் கேள்விக்கு ஓம் என்ற பதில்தான்.

"தெரியா" என்றார். "மெய்யா எனக்குத் தெரியா நானா."

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். பைறோஸாவாக இருக்கும். இஸ்ஸதீன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எனக்கும் தெரியா" என்றார்.

பிறகு லெப்பையின் பக்கம் திரும்பி, காவினை எழுதச் சொன்னார். லெப்பை பேனையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கூரை ஒழுகாத ஓர் இடம் தேடி உட்கார்ந்தார்.